ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி

கறைன்னா அந்தம்மாகிட்டதான் கொண்டு போகணும். அந்தத் தெருவுல இது தெரியாத ஆளே இல்லை. டீக்கறை, துருக்கறை, பிள்ளைங்க கிறுக்கின பேனா மை, விருந்துக்குப் போய் மடியில கவுத்துக்கிட்ட குழம்பு, எதைக் கொண்டு போய் நீட்டினாலும் லாண்டரிக்காரம்மா அதை வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் பிடிப்பாங்க. ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பாங்க. "இதெல்லாம் ஒரு கறையா? என் கை பட்டா எல்லாம் போயிடும், போங்க"ன்னு சொல்லி உள்ளே வீசிடுவாங்க. வாய்ச்சவடால்னு நினைச்சுடாதீங்க. சொன்னா சொன்னபடி போயிடும். போகலைன்னா அந்தம்மாவுக்கு அன்னைக்குச் சோறு இறங்காது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் ரெண்டு ரூம், அதுக்கும் பின்னாடி தகரக்கூரை போட்ட துவைக்கிற இடம். இதுதான் வீடு. முன்னாடி நின்னு தேய்க்கிறவர் அவங்க வீட்டுக்காரர். இஸ்திரிக்காரர்னா எல்லாருக்கும் தெரியும். பேசினா வாயில முத்து உதிர்ந்துடும்னு பயந்த மாதிரி இருப்பார். அவருக்கும் சேர்த்து அந்தம்மா பேசிடுவாங்க. கொடியில எது காய்ஞ்சாலும் எடுப்பார், தேய்ப்பார், மடிப்பார், பழைய பேப்பர்ல சுத்தி நூல் கட்டுவார். யாருதுன்னுகூடக் கேட்கமாட்டார். ஒருதடவை தரை துடைக்கிற துணியைத் தேய்ச்சு மடிச்சு வச்சு, தெருவே ஒரு வாரம் சிரிச்சது.

ஒரே மக. இருபத்திரண்டு வயசு. சின்னதுல துவைக்கிற மெஷினுக்குள்ள தலையை விட்டு அறுந்து விழுந்த பட்டனையெல்லாம் பொறுக்குவா. அதனால அப்பா 'பட்டன்'னு கூப்பிட ஆரம்பிச்சு அதுவே நிலைச்சுடுச்சு. பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன் வச்சிருப்பா. எந்தச் சட்டையில எது அறுந்திருந்தாலும் அதே நிறம், அதே அளவு தேடி எடுத்துத் தச்சுக் குடுத்துடுவா. கவுண்டர்ல நின்னு அம்மா மாதிரியே ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டு, "எங்கம்மா கை பட்டா எல்லாம் போயிடும், போங்க"ன்னு நடிச்சுக் காட்டுவா. வந்தவங்க சிரிச்சு மாளாது.

அது மழைக்காலம். லாண்டரிக்காரங்களுக்கு மழைக்காலம்னா நரகம்தான். துணி காயாது. காயாத துணி நாறும். ஈரத்தோட இஸ்திரியை வச்சு அழுத்தி அழுத்தித்தான் காயவைக்கணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜுல இருந்து வர்ற படுக்கை விரிப்புதான் அவங்களுக்குப் பாதி வேலை. அதை எப்பவும் அந்தம்மாதான் கொண்டு போய்க் குடுப்பாங்க. அன்னைக்கு ஈரத்துக்கு முட்டி வீங்கிப் போச்சு.

"நீ உட்காரும்மா, நான் குடுத்துட்டு வரேன். அஞ்சு நிமிஷ வேலை"ன்னா பட்டன்.

"குடை எடுத்துக்க. கவுண்டர்ல வச்சுட்டு வந்துடு. அந்த மேனேஜர் வாயாடி, நின்னு பேசிட்டு இருக்காத."

சொன்னது அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை அந்தம்மா எத்தனை தடவை மனசுக்குள்ள திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாங்கன்னு கணக்கே கிடையாது.

டீ போடற நேரத்துக்குத் திரும்பி வந்தா. குடை இல்லை. தொப்பலா நனைஞ்சிருந்தா. கடை வழியா வராம சந்து வழியா வந்து, துவைக்கிற தொட்டி பக்கத்துல நின்னா.

"குடையை எங்கடி விட்ட? காய்ச்சல் வந்து படுத்தா யாரு பார்க்கறது? வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு ஆரம்பிச்ச அந்தம்மா பாதியில நிறுத்திட்டாங்க. பிள்ளை நின்ன விதம் சரியில்லை. சட்டையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னா.

"மேனேஜர்மா"ன்னா. கொஞ்சம் கழிச்சு, "கதவைச் சாத்திட்டான்மா"ன்னா. அதுக்கு மேல வரலை.

வேற ஒரு தாய் அலறியிருப்பா. வேற ஒருத்தி தெருவுல போய் நின்னு மண்ணை வாரித் தூத்தியிருப்பா. இந்தம்மாவுக்கு வாய் அடைச்சுப் போச்சு. கை மட்டும் ஓடிச்சு. முப்பது வருஷமா எது அழுக்காகி வந்தாலும் ஓடின கை அது. வெந்நீர் வச்சாங்க. மகளை உட்கார வச்சு தலையில இருந்து கால் வரைக்கும் தேய்ச்சுக் குளிப்பாட்டினாங்க.

"போதும்மா. நானே குளிச்சுக்கறேன்."

காதுல விழலை.

"அம்மா, வலிக்குது. விடு."

"இரு கண்ணு, இரு கண்ணு, போயிடும், எல்லாம் போயிடும்"னு சொல்லிச் சொல்லித் தேய்ச்சாங்க. நகக்கண்ணைக்கூட விடலை, பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணினாங்க. அப்புறம் மகளுக்குச் சூடா பால் குடுத்துப் படுக்க வச்சு, ரெண்டு போர்வை போத்திவிட்டு, தொட்டிக்குத் திரும்பினாங்க.

ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி. சுடுதண்ணி பட்டா பிடிச்சுக்கும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் போகாது. இதைத் தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தம்மாதான். பச்சைத்தண்ணியில ஊறப்போட்டு, உப்பு வச்சுத் தேய்ச்சு, சோப்புல அலசி, மறுபடி அலசி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்து, திருப்தி ஆகாம இன்னொருதரம் அலசினாங்க. அழுதுக்கிட்டேதான் துவைச்சாங்க. ஆனா ஒரு இடம் விடலை. புருஷன் கேட்டதுக்கு, "மழையில நனைஞ்சுட்டா, காய்ச்சல்"னு மட்டும் சொன்னாங்க.

அவருக்கு என்ன தெரியும்? கொடியில மகளோட சட்டை ஈரமாத் தொங்குது. எடுத்தார். ஆவி பறக்கப் பறக்கத் தேய்ச்சுக் காயவச்சார். நடுப் பட்டன் இல்லை. பிள்ளைதான் படுத்திருக்கே, பாவம், எழுப்புவானேன்னு பிஸ்கட் டப்பாவைக் கிளறி ஒண்ணு எடுத்து, கண்ணாடியை மூக்குல இறக்கி வச்சுக்கிட்டு அவரே தச்சார். துணி கிழிஞ்சிருந்த இடத்தையும் ரெண்டு இழை போட்டு மூடினார். பேப்பர்ல சுத்தி நூல் கட்டி அவ அலமாரியில வச்சார். மகளுக்கு ஒரு வேலை மிச்சம்னு அவருக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலையில அந்தம்மாவோட தங்கச்சி வந்தாங்க. ராத்திரி அவங்களுக்கு மட்டும் அந்தம்மா போன்ல சொல்லியிருந்தாங்க. பக்கத்துத் தெரு. கெட்டவங்க இல்லை, பயந்தவங்க. பயந்தவங்க வாயில வர்றது சில நேரம் கெட்டவங்க பேசறதைவிடக் கேவலமா இருக்கும்.

"அக்கா, வாயைத் திறக்காத. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. குளிப்பாட்டிட்டேல்ல? நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பார்க்க வேணாமா? மாமாகிட்டகூடச் சொல்லாத."

"என்னால முழுங்க முடியலைடி."

"முழுங்கித்தான் ஆகணும். நம்மள மாதிரி ஆளுங்க வேற என்ன பண்ண முடியும் சொல்லு?"

கதவுகிட்ட பட்டன் நின்னுக்கிட்டிருந்தா. எப்ப எழுந்து வந்தான்னு தெரியலை.

"சித்தி, நீங்க வீட்டுக்குப் போங்க. அம்மா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அப்பாகிட்ட நானே சொல்றேன்."

சொன்னா. இஸ்திரிக்காரர் கேட்டார். விருட்டுன்னு வாசலுக்குப் போனார், செருப்புக்குள்ள காலை விட்டார். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியலை. செருப்போடயே திரும்பி வந்து மேஜை பக்கத்துல நின்னார். அந்த மனுஷன் செருப்போட உள்ளே வந்து யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில அந்த மாதிரி வந்தவங்களைப் பார்க்கறதுக்குன்னே படிச்ச ஒரு நர்ஸ் இருந்தாங்க. வார்டுல அவங்களுக்குப் பேரு கேள்விக்காரி. ஆளு வாட்டசாட்டம், அம்பதைத் தாண்டின வயசு, நடந்தா செருப்பு சட்டுசட்டுன்னு அடிக்கும். கதவைத் திறந்துவிட்ட ஆயா, "பயப்படாதீங்கம்மா. எங்க கேள்விக்காரி தும்மறதுக்குக்கூட பக்கத்துல இருக்கறவங்களை அனுமதி கேப்பாங்க"ன்னு சொல்லி அம்மாவையும் மகளையும் உள்ளே விட்டாங்க. இஸ்திரிக்காரர் வெளியேயே நின்னுட்டார்.

ரூம் தாழ்வாரத்தோட கடைசியில இருந்தது. எட்டிப் பார்க்க ஜன்னல் இல்லை. ஒரு கட்டில், ஒரு திரை, சாய்வு நாற்காலி, சுத்தமான துணி அடுக்கின அலமாரி. அந்தம்மா கண்ணு தன்னால விரிப்புக்குப் போச்சு. ஓரத்துல டீக்கறை. யாரோ சுடுதண்ணியில போட்டுக் கெடுத்திருக்காங்கன்னு நினைச்சாங்க. அந்த நேரத்துல அப்படி ஒரு நினைப்பு வந்ததுக்குத் தன் மேலேயே எரிச்சலா வந்துச்சு.

கேள்விக்காரி கட்டில்ல உட்காரச் சொல்லலை. "எங்க உட்காரணும்னு தோணுதோ உட்காரும்மா"ன்னாங்க. பட்டன் நாற்காலியில உட்கார்ந்தா. அவங்க எதிர்ல தாழ்வா ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டாங்க.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். இங்க என்ன செய்யணும்னாலும் முதல்ல என்ன, எதுக்குன்னு சொல்லுவேன். நீ சரின்னு சொன்னா மட்டும்தான் தொடுவேன். பாதியில வேண்டாம்னு தோணிச்சுன்னா சொல்லு, கை எடுத்துடுவேன். ஏன் எதுக்குன்னு கேக்கமாட்டேன். பதில் சொல்லாம இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்தான். புரியுதா?"

பட்டன் தலையாட்டினா.

"இப்ப நாடி பார்க்கணும். கையைத் தொடட்டுமா?"

"ம்."

தொட்டாங்க. கொஞ்ச நேரத்துல பட்டன், "போதும்"னா. சும்மா சோதிச்சுப் பார்த்த மாதிரிதான் இருந்தது. அவங்க டக்குன்னு கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாங்க. பட்டன் அந்தக் கையையே பார்த்தா. நேத்து மதியத்துல இருந்து ரெண்டு பேர்கிட்ட அவ 'விடு'ன்னு சொல்லியிருந்தா. விட்டது இவங்க ஒருத்தங்கதான்.

"அம்மா கூட இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா? உன் இஷ்டம்."

பட்டன் அம்மா முகத்தைப் பார்க்கலை.

"வெளியே இருக்கட்டும்."

அந்தம்மா வெளியே பெஞ்சுல போய் உட்கார்ந்தாங்க. உள்ளே இருந்து கேள்விக்காரி குரல் மட்டும் வந்துக்கிட்டே இருந்தது. இதைச் செய்யட்டுமா, இங்க பார்க்கட்டுமா, கொஞ்சம் நிறுத்திக்கலாமா, தண்ணி குடிக்கிறியா. நான் பெத்த பிள்ளைகிட்ட ஒரு நாளாவது ஒரு 'ட்டுமா' போட்டுக் கேட்டிருக்கேனான்னு யோசிச்சுப் பார்த்தாங்க. ஞாபகம் வரலை.

ரொம்ப நேரம் கழிச்சு அவங்க வெளியே வந்தாங்க.

"மருந்தெல்லாம் குடுத்தாச்சும்மா. கர்ப்பம் ஆகாம இருக்க, நோய் எதுவும் ஒட்டாம இருக்க. காயத்தையெல்லாம் பார்த்து எழுதியாச்சு. உடம்புல இருந்து எடுக்க வேண்டியதும் எடுத்தாச்சு. அவளே போலீசுக்குச் சொல்லணும்னு சொல்லிட்டா. தைரியமான பிள்ளை. அவ போட்டிருந்த துணி எங்க இருக்கு?"

"வீட்டுல இருக்கு சிஸ்டர். இவர் கொண்டு வந்துடுவார்."

இஸ்திரிக்காரர் ஓட்டமும் நடையுமாப் போய்க் கொண்டு வந்தார். பேப்பர்ல சுத்தி, நூல் கட்டி, வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்கிற மாதிரியே ரெண்டு கையாலயும் நீட்டினார். கேள்விக்காரி உறை மாட்டின கையால நூலை அவிழ்த்தாங்க. தேய்ச்ச மடிப்பு கத்தி மாதிரி நின்னுது. சோப்பு வாசனை வந்துது. அவங்க மூச்சு ஒருதரம் நீளமா வந்துச்சு.

அந்தம்மாவுக்கு அந்த மூச்சுலயே பாதி புரிஞ்சு போச்சு.

"துவைச்சிருக்கக் கூடாதா சிஸ்டர்?"

"உட்காருங்கம்மா."

"சொல்லுங்க. துவைச்சிருக்கக் கூடாதா?"

"அவன் மேல இருந்து எதாவது துணியில ஒட்டியிருக்கும். அதுதான் அவன்தான்னு கைகாட்டற சாட்சி. அதனால அப்படியே எடுத்து வைக்கறது நல்லதுன்னு சொல்லுவோம். குளிக்க வேண்டாம்னுகூடச் சொல்லுவோம். ஆனா யாருக்கும்மா இது முன்னாடியே தெரியும்? பிள்ளை அப்படி வந்து நின்னா எந்தத் தாயும் குளிக்கத்தான் வைப்பா."

"நான் பச்சைத்தண்ணியில போட்டேன் சிஸ்டர். உப்புப் போட்டுத் தேய்ச்சேன். நகக்கண்ணைக்கூட விடலை. எல்லாத்தையும் நானே..."

"துவைச்ச துணியிலயும் சில நேரம் கிடைக்கும்மா. நான் பொய் சொல்லலை, நிஜமாவே கிடைக்கும். தையல் ஓரத்துல, நூல் இடுக்குல நிக்கும். அனுப்பிப் பார்ப்போம்."

கேள்விக்காரி சட்டையைத் திருப்பினாங்க. "இந்த ஒரு பட்டனுக்கு மட்டும் நூல் வேற நிறமா இருக்கே?"

"அறுந்திருந்தது"ன்னார் இஸ்திரிக்காரர். அன்னைக்கு அவர் பேசின முதல் வார்த்தை. "நான்தான் தச்சேன். கிழிசலையும் மூடினேன். பிள்ளை தூங்குதேன்னு."

சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். முதுகு குலுங்கிச்சு. ஒருத்தி துவைச்சா, ஒருத்தர் தேய்ச்சார், தச்சார். பாசத்துல ஒண்ணும் குறை வைக்கலை ரெண்டு பேரும். அந்தப் படுபாவி காசு குடுத்து ஆள் வச்சிருந்தாக்கூட இவ்வளவு நேர்த்தியா அழிச்சிருக்கமாட்டாங்க.

கேள்விக்காரி அதையும் எழுதிக்கிட்டு, சட்டையைக் காகிதப் பையில போட்டாங்க.

"பிளாஸ்டிக் பை இல்லையா சிஸ்டர்? மழையா இருக்கே."

"பிளாஸ்டிக்ல வேர்த்துடும்மா."

"ஆமா. பூஞ்சை பிடிக்கும்"னாங்க அந்தம்மா.

ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சங்கதி அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் அந்தம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க.

போலீஸ்காரம்மா வந்து விசாரிச்சாங்க. லாட்ஜு மேனேஜர் பச்சையா மறுத்தான். விரிப்பைக் கவுண்டர்ல வச்சா, உடனே போயிட்டா, நான் முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கலைன்னான். பார்த்தவங்க யாரும் இல்லை. லாட்ஜுல கிடந்த குடை? யாரோ விட்டுட்டுப் போனதுன்னான். சட்டையில அறுந்த பட்டன்? "எந்தச் சட்டையிலயும் எங்க வேணும்னாலும் விழும்மா. அதுவும் இப்ப முழுசா இருக்கற சட்டை"ன்னாங்க போலீஸ்காரம்மா. ஆக மொத்தம் எல்லாம் அந்தப் பரிசோதனை மேல தொங்கிச்சு. துணியில எதாவது நின்னா அவன் மாட்டுவான். நிக்கலைன்னா இவ சொல்லு, அவன் சொல்லு.

"நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சதும் நானே நேர்ல வந்து சொல்றேன். போன்ல சொல்லமாட்டேன்"னு கேள்விக்காரி வாக்குக் குடுத்திருந்தாங்க.

மழை விடலை. வாரக்கணக்கா ஓடிச்சு. லாட்ஜுத் துணி வேண்டாம்னு இஸ்திரிக்காரர் திருப்பி அனுப்பிட்டார். அது மறுநாளே வேற லாண்டரிக்குப் போச்சு. அவன் எப்பவும் போல கவுண்டர்ல உட்கார்ந்து பல்லைக் குத்திக்கிட்டு இருக்கான்னு வர்றவங்க போறவங்க வந்து சொன்னாங்க. ஏன்தான் வந்து சொல்றாங்களோ, நாசமாப் போறவங்க.

பட்டன் மாத்திரை சாப்பிட்டா, வாந்தி எடுத்தா, படுத்தா. சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரி போனா. அங்க போனா பேசுவா. வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டு. கேள்விக்காரிகிட்ட மட்டும் பேசறாளேன்னு அந்தம்மாவுக்குப் பொறாமைகூட வந்துச்சு. அதுக்கும் சேர்த்து அழுதாங்க. ஒருநாள் அவங்ககிட்டயே கேட்டுட்டாங்க.

"நான் என்ன பண்ணட்டும் சிஸ்டர்? கிட்டப் போனாலே ஒதுங்கறா."

"கேளுங்கம்மா. தலையைத் தொடறதா இருந்தாலும் கேளுங்க. வேண்டாம்னா விடுங்க. பதில் வரலைன்னாலும் விட்டுடுங்க."

"பெத்தவ கேக்கணுமா?"

"பெத்தவதான் கேக்கணும். மத்தவன் கேக்கலையே."

அதுல இருந்து தினமும் சாயங்காலம் சீப்பை எடுத்துக்கிட்டுப் போய் வாசப்படியில நின்னு, "தலை வாரட்டுமா?"ன்னு கேப்பாங்க. "வேண்டாம்." திரும்பி வந்துடுவாங்க. மறுநாளும் கேப்பாங்க. "வேண்டாம்." சீப்பை இருந்த இடத்துலயே வச்சுடுவாங்க.

தொட்டியில நிக்கும்போதெல்லாம் அந்தம்மாவுக்கு ஒரே வேண்டுதல்தான். முப்பது வருஷத்துல இந்த ஒரு தடவை மட்டும் என் கை தோத்திருக்கணும். எங்கயாவது ஒரு நூல் இடுக்குல, நான் பார்க்காம விட்ட ஒரு ஓரத்துல, துளி நின்னிருக்கணும். கடவுளே, நான் அரைகுறையாத் துவைச்சவளா இருக்கணும். சொல்லிக்கிட்டே அடுத்தவங்க துணியை மூணுதரம் அலசுவாங்க. கை கேட்டாத்தானே?

ஒரு மதியம் கடை வாசல்ல செருப்புச் சத்தம் சட்டுசட்டுன்னு கேட்டுச்சு. கேள்விக்காரி நனைஞ்ச குடையை மடக்கிக்கிட்டே உள்ளே வந்தாங்க. முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிக்காரர் இஸ்திரிப்பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டார்.

"பிள்ளைகிட்ட முதல்ல சொல்லிடறேன்"னு பின்பக்கம் போனாங்க. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தாங்க.

"துணியில ஒண்ணும் கிடைக்கலைம்மா. நகத்துலயும் இல்லை. உடம்புல இருந்து எடுத்ததுலயும் இல்லை."

அந்தம்மா தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"கேஸ் இருக்கும். காயம் இருந்துதுன்னு நான் கோர்ட்டுல ஏறி நின்னு சொல்லுவேன். அது ஸ்ட்ராங்கா நிக்கும். நடந்ததுன்னு காட்டும். அவன்தான்னு காட்ட..." "என்னால முடிஞ்சது அந்த ரூம் வாசல் வரைக்கும்தான்மா. அதுக்கு வெளியே எனக்கும் கை எட்டமாட்டேங்குது."

டீ குடிக்கிறீங்களான்னு யாரும் கேக்கலை. அவங்களும் எதிர்பார்க்கலை. குடையை விரிச்சுக்கிட்டுப் போனாங்க. இஸ்திரிக்காரர் ஆறிப்போன பெட்டி மேல கையை வச்சபடி நின்னார்.

அந்த நேரம் பார்த்து நாலாவது வீட்டு டீச்சரம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது, பாவம். "பையன் விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். போகுமாம்மா?"

எத்தனை ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. அந்தம்மா சட்டையைக் கையில வாங்கினாங்க. வெளிச்சத்துப் பக்கம் தூக்கலை.

பின்னாடி ரூம்ல இருந்து பட்டன் குரல் வந்துச்சு.

"போயிடும். எங்கம்மா கை பட்டா எல்லாம் போயிடும்."

டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே, "இதுக்குத்தான் இங்க வர்றது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. குத்திச் சொன்னாளா, பழக்கத்துல வாயில வந்துச்சா? அது இன்னைக்கு வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியாது.

சட்டையைக் கவுண்டர் மேல வச்சாங்க. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு, முட்டி வலியோட பின்பக்கம் போய் வாசப்படியில நின்னாங்க. பட்டன் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. முடி சிக்குப் பிடிச்சுக் கிடந்தது.

"கண்ணு, பக்கத்துல வந்து உட்காரட்டுமா?"

தகரக்கூரையில மழை விழுந்துக்கிட்டே இருந்தது. பதில் வரலை. வேண்டாம்னும் சொல்லலை, வான்னும் சொல்லலை.

பதில் வரலைன்னா விட்டுடணும்னு கேள்விக்காரி சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்தம்மா படியைத் தாண்டலை. அங்கேயே நின்னாங்க.